எலும்புகளைச் சாட்சிக்கு அழைப்போரே, கேளுங்கள்!

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவச் செல்வோர் அரசியல் பேசாது வீடு திரும்புவதில்லை. அண்மையில் ஒரு மாலை அங்கே கூடியிருந்த அன்பர்களிடையே வாதம் மூண்டது. ஓய்வு பெற்ற பொறியியலாளர் ஒருவர், தமது கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியை உரக்கப் படித்தார். ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையில் வாழ்ந்தவர் தமிழரே என்று மரபணு ஆய்வு நிரூபித்துவிட்டதாம். அதே வாரத்தில் நீதிமன்றத்து வழக்கறிஞர் அறையில் சிங்கள நண்பர் ஒருவர் என்னிடம், "சிங்களவர் வட இந்திய ஆரியரின் வழித்தோன்றல்கள் என்று மரபணு ஆய்வு உறுதிசெய்துவிட்டதே, இனி உங்கள் வாதம் என்ன?" என்று புன்னகையோடு வினவினார். இருவரும் கற்றவர்கள், இருவரும் நல்லவர்கள், தாம் மேற்கோள் காட்டிய ஆய்வை இருவருமே வாசிக்காதவர்கள்.

சாட்சியை விசாரியாமலே தீர்ப்பெழுதும் இப்பழக்கம் எந்த நீதிமன்றத்தில் செல்லும் என்று கேட்கிறோம். குகைகளில் உறங்கிய எலும்புகளை இழுத்து வந்து கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர்கள் தாமே கேள்வி கேட்டு, தாமே விடை கூறி, தாமே கைதட்டிக் கொள்கிறார்கள். எலும்பு உண்மையில் என்ன சொல்கிறது என்பதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. அப்பொறுமையை இன்று தமிழ்ப் பெருமக்களிடம் வேண்டி நிற்கிறோம்.

சாட்சி சொன்னது என்ன?

களுத்துறை மாவட்டத்தில் பாகியன்கலை என்னும் குகை உண்டு. அங்கே ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர் என்பதும், எலும்பில் கூர்முனை செய்து வில்லும் அம்பும் கொண்டு காட்டில் வேட்டையாடினர் என்பதும் 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் தெரியவந்தன. குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி உண்ட அம்மக்களின் வழிவந்தோரையே நாம் பள்ளியில் 'பலாங்கொடை மனிதன்' என்று படித்தோம்.

ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த நமது மண்ணில் எலும்பிலுள்ள மரபணு விரைவிலே சிதைந்துவிடும். சைபீரியாவின் பனியில் பத்திரமாயிருப்பது இரத்தினபுரியின் மழையில் எஞ்சுவதில்லை. எனவே ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான தொல்மனிதரின் மரபணு வாசிக்கப்பட்டிருக்க, இலங்கையின் முதற்சான்று 2023ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. இரண்டு குகைகள், இரண்டு மனிதர், இருவரும் இடைக்கற்கால வேட்டுவர். அவர்களின் இழைமணி மரபணு, அதாவது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மரபணு, முழுமையாக வாசிக்கப்பட்டது. ஒருவரின் தாய்வழி 'எம்-18-ஏ' என்னும் கிளையையும், மற்றவரின் தாய்வழி 'எம்-35-ஏ' என்னும் கிளையையும் சேர்ந்தவை.

இவ்விரு கிளைகளும் இன்று யாரிடம் காணப்படுகின்றன? இங்கேதான் கைதட்டியோர் காதுகளைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதற்கிளை சிங்களவரிடத்தும், இலங்கைத் தமிழரிடத்தும், மலையகத் தமிழரிடத்தும் சிறு அளவில் உள்ளது. இரண்டாவது கிளை இத்தீவின் எல்லா மக்களிடத்தும் உள்ளது. சிங்களவரிடத்துச் சற்றே கூடுதலாக உள்ளது. இரண்டுமே இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றியவை. இப்பிராந்தியத்துக்கு வெளியே அரிதானவை.

சாட்சியம் இவ்வளவே. "நான் தமிழன்" என்று எலும்பு சொல்லவில்லை. "நான் சிங்களவன்" என்றும் சொல்லவில்லை. இரு மொழிகளும் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய மரபுக்கிளை அது. எப்படிச் சொல்லும்?

ஒரு நூலைப் பிடித்து ஆடையை அளக்கலாமா?

மற்றுமொன்று. தாய்வழி மரபணு என்பது தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று செல்லும் ஒரே ஒரு நூல். நமக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அடுத்த தலைமுறையில் எண்மர். இப்படியே பத்துத் தலைமுறை, அதாவது ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னே சென்றால், ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒல்லாந்தர் தோம்பு எழுதிய காலம் அது. அந்த 1,024 பேரில் ஒருத்தியைப் பற்றி மட்டுமே தாய்வழி மரபணு பேசும். எஞ்சிய 1,023 பேரும் எங்கிருந்து வந்தார்கள்? அதற்கு முழு மரபணுவையும் வாசிக்க வேண்டும்.

முழு மரபணுவை வாசித்த ஆய்வுகளும் வந்துள்ளன. சிங்களவரையும் தமிழரையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இனத்தின் எல்லையையும் மொழியின் எல்லையையும் கடந்து இரு மக்களிடையே பெருமளவு மரபணுக் கலப்பு நிகழ்ந்துள்ளது என்று கண்டது. நுணுக்கமாகப் பார்க்கையில் சிங்களவரிடம் வடமேற்கு இந்தியத் தொடர்பின் சுவடுகளும் உள்ளன என்று அதே ஆய்வு கூறிற்று. அதை மறைக்க நமக்கு விருப்பமில்லை. எதிர்த்தரப்புக்குச் சாதகமான வரியை மறைத்துப் படிக்கும் வழக்கறிஞன் நீதிமன்றத்தின் நம்பிக்கையை இழப்பான். ஆனால் அந்தச் சுவட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அண்டை வீட்டாரோடு உள்ள நெருங்கிய உறவைச் சொல்லும் பக்கத்தைக் கிழித்தெறிவோரையும் அதே நீதிமன்றம் மன்னிக்காது.

தூய இரத்தம் எங்கே?

இனி அக்கரைக்குச் செல்வோம். 2019ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் ஒரே வேளையில் வெளிவந்தன. ஒன்று, மத்திய ஆசியாவிலும் தென்னாசியாவின் வடபகுதியிலும் வாழ்ந்த 523 தொல்மனிதரின் மரபணுவை ஆராய்ந்தது. மற்றது, அரியானா மாநிலத்து இராகிகடியில் சிந்துவெளி நாகரிகக் காலத்தில் அடக்கம் செய்யப்பட்ட பெண் ஒருத்தியின் மரபணுவை ஆராய்ந்தது. அப்பெண்ணிடம் மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபு அறவே இல்லை. அம்மரபு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே வடமேற்கு வழியாகப் பின்னரே வந்தது. சிந்துவெளி வீழ்ந்த பின்னர் அம்மக்களின் வழியினர் தெற்கே இருந்த தொல்குடி வேட்டுவரோடு கலந்தனர். அக்கலப்பிலிருந்தே தென்னிந்திய மக்களின் மூதாதையர் உருவாயினர்.

இதில் 'ஆரியத் தூய்மை' எங்கே? 'திராவிடத் தூய்மை' தான் எங்கே? தென்னிந்தியனும் கலப்பு, வட இந்தியனும் கலப்பு, அளவில் மட்டுமே வேறுபாடு. அம்மண்ணிலிருந்து பல காலங்களில் வந்து சேர்ந்த நாமும், நம் சிங்களச் சகோதரரும் வேறு எப்படி இருப்போம்? பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று இல்லை. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போகலாம். நடந்து வந்தவனிடம் கடவுச்சீட்டுக் கேட்டவர் யார்?

ஆரியர் என்பது ஓர் இரத்தத்தின் பெயரன்று, ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர் என்று, அச்சொல்லை உலகெங்கும் பரப்பிய மாக்சு முல்லரே 1888ஆம் ஆண்டில் எச்சரித்தார். அவர் எச்சரிக்கையை ஐரோப்பா கேட்கவில்லை. கேளாததன் விலையை 1940களில் கொடுத்தது. நாமும் கேட்க மறுக்கிறோம். மகாவம்சத்தையே எடுத்துப் பாருங்கள். விசயனும் அவன் தோழரும் மதுரையிலிருந்து பெண் எடுத்தனர் என்றும், அப்பெண்களோடு பதினெண் தொழிற்குடிகளும் வந்தன என்றும் அந்நூலே கூறுகிறது. அது வரலாறோ கதையோ, ஆராய்வோர் ஆராயட்டும். ஆனால் அந்நூலைத் தலைமேல் வைத்துக்கொண்டு தூய இரத்தம் பேசுவோர், மாமியார் வீட்டை மட்டும் மறந்துவிடுவது ஏன்?

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம். இலெமூரியா என்னும் பெயர், மடகசுகாரிலும் இந்தியாவிலும் ஒரேவகை விலங்கின் எச்சங்கள் காணப்பட்டதை விளக்குவதற்காக 1864இல் பிலிப் சிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் கற்பித்த பெயர். நிலத்தட்டுக்கள் நகர்வதை அறிவியல் கண்டறிந்ததும் அக்கற்பனைக் கண்டம் விஞ்ஞானத்திலிருந்து நீங்கியது. நம்மவர் மேடைகளிலிருந்து மட்டும் அது இன்னும் நீங்கவில்லை. மூழ்கிய கண்டத்தில் பட்டா கேட்பவன், கையிலிருக்கும் காணியின் உறுதியைத் தொலைத்துவிடுவான்.

நமது தொன்மைக்கு இக்கற்பனைகள் தேவையா? பொம்பரிப்பில் கிடைத்த தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் உறவைக் காட்டுகின்றன. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் ஒரு தொல்லடக்கத்திலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையைக் கண்டெடுத்தனர். மொழியைப் பற்றிச் சான்று கூறத் தக்கது எழுத்து, எலும்பன்று. பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா 1965ஆம் ஆண்டின் தமது ஆய்வேட்டில் கொண்ட முடிவுகளைப் பின்வந்த சான்றுகளின் ஒளியில் தாமே திருத்திக்கொண்டு, 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சிங்களவரும் தமிழரும் இத்தீவின் பொதுவான தொல்குடிகளிலிருந்தே உருவாகி, மொழியாலும் பண்பாட்டாலும் இரு மக்களாயினர் என்று எழுதினார். மரபணு ஆய்வுகள் வருவதற்கு முன்பே தொல்லியலும் மொழியியலும் கொண்டு அவர் அடைந்த முடிவு அது. சான்று மாறினால் முடிவை மாற்றும் அந்த நேர்மையை நம் மேடைகள் கற்குமா?

முதலில் வந்தவனுக்கே நாடா?

"சரி, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது தெரியவேண்டாமா? உரிமை அதில்தானே தங்கியிருக்கிறது?" என்று சிலர் கேட்பர். இதுவே பெருங்கண்ணி. இக்கண்ணியில் கால்வைத்த நாளிலிருந்து நமது வழக்கு பலவீனமடைந்தது என்பது எமது துணிபு.

முதலில் வந்தவனுக்கே நாடு என்றால், வேடருக்கு எழுதிக் கொடுங்கள்! அவர்களின் மரபணுவை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, அண்டையிலுள்ள சிங்களவரோடும் தமிழரோடும் மிகக் குறைவாகவே கலந்து, நெடுங்காலம் தனித்து வாழ்ந்த குடி அவர்கள் என்று கூறிற்று. அந்தத் தொன்மை அவர்களுக்கு என்ன தந்தது? 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டதும், தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேட்டையாடிய காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட காடாயிற்று. ஐம்பதினாயிரம் ஆண்டு வரலாற்றைப் பறைசாற்றும் நாட்டில் ஆதிக்குடியின் நிலை இது. தொன்மை உரிமை தருவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நமது கமக்காரருக்கு இது நன்கு விளங்கும். இந்நாட்டின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணி ஒன்றைப் பத்தாண்டு தடையின்றி, பிறர்க்கு எதிராகத் தனதென ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். பத்து ஆண்டுகள்! தலைமுறை தலைமுறையாக உழுதும் குளம் திருத்தியும் வாழ்ந்த மக்களிடம், பத்தாயிரம் ஆண்டுச் சான்று கொண்டுவா என்று கேட்பது எந்தச் சட்டத்தில் உண்டு? நெல்லைப் பாருங்கள். நம் தந்தையர் விதைத்த 'எச்-4' நெல், உள்நாட்டு முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் 'மாசு' நெல்லையும் இணைத்துப் பத்தலகொடை ஆய்வு நிலையம் தந்த நெல். அதன் பாட்டன் எந்தத் தீவிலிருந்து வந்தான் என்று கேட்டு அறுவடையை நிறுத்திய கமக்காரன் உண்டா?

வம்சாவளி கேட்ட சட்டம்

வம்சாவளியை உரிமைக்கு அளவுகோலாக்கினால் என்ன நேரும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவன் வம்சாவளிக் குடிமகன் ஆவதற்கு, அவன் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மண்ணாகிப் போனவர்களிடம் பூட்டனின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மக்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தத் துயரம் நீடித்தது.

குகையில் கிடைத்த எலும்பின் தாய்வழிக் கிளை அந்த மலையக மக்களிடத்தும் உள்ளது என்பதை மேலே சொன்னோம். அதைக்கொண்டு, "பார்த்தீர்களா, அவர்களே ஆதிவாசிகள்!" என்று நாம் வாதாடப் போவதில்லை. அக்கிளை இந்தியாவிலும் உண்டு. அவர்கள் அங்கிருந்தே அதைக் கொண்டுவந்திருக்கலாம். நாம் சொல்வது வேறு. தந்தைவழிப் பூட்டனின் தாளைக் கேட்டது சட்டம். தாய்வழியை மட்டுமே பேசுகிறது எலும்பு. இரண்டுமே மனிதனை முழுதாக அறியா. உழைத்த கையும் வாழ்ந்த வாழ்வுமே குடியுரிமையின் அத்தாட்சி என்று அன்றே ஏற்றிருந்தால், ஐம்பத்தைந்து ஆண்டுக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

மலையகத்தை விடுங்கள், கொழும்புக்கே வாருங்கள். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் விடியற்காலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பொலிசார் எழுப்பிப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். நோயாளிகள் இருந்தனர், வெளிநாடு செல்லக் காத்திருந்தோர் இருந்தனர். அன்று நான் இளம் வழக்கறிஞன். கொட்டாஞ்சேனை விடுதியொன்றின் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்ற முதியவர் ஒருவர், "தம்பி, எனக்கு ஊர் எது என்று கேட்டவை. உண்மையைச் சொன்னன். அதுதான் பிழையோ?" என்று என்னைக் கேட்டார். மறுநாளே உச்ச நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்குத் தடைவிதித்தது. அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அம்முதியவரின் கேள்விக்கு விடை சொல்லும் வல்லமை எனக்கு இன்றும் வாய்க்கவில்லை.

"உன் ஊர் எது?" என்ற கேள்விதான், ஆய்வுக்கூடத்து மொழியில், "உன் மரபணு எது?" என்று உருமாறி வருகிறது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மொழி, பிறப்பிடம் காரணமாக ஓரங்கட்டலாகாது என்கிறது. 14ஆம் உறுப்புரை, விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தைக் குடிமகனுக்கு அளிக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வா என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை.

எனினும் பழம்பொருளைக் காட்டி நிலங்கொள்ளும் ஆசை ஓயவில்லை. 2020 யூன் மாதத்தில், தமிழ்பேசும் மக்களே பெரும்பான்மையினராய் வாழும் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபை ஆள்வதற்குப் பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ ஒரு முசுலிமோ இருக்கவில்லை. தொல்லியல் அறிவுத்துறையா, படைத்துறையா என்று அன்று கேட்டோம், இன்றும் கேட்கிறோம். கல்லைக் காட்டி நிலம் கொண்டோர் கையில் நாளை மரபணுவும் கிடைத்தால், நடப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆயுதத்தைக் கூர்தீட்டிக் கொடுக்கும் பணியை நம் இளைஞரும் கைத்தொலைபேசியில் செய்துகொண்டிருப்பதுதான் நமக்கு வேதனை.

எந்த எலும்பு நம்மை அழைக்கிறது?

மரபணு விஞ்ஞானத்துக்கு நாம் பகைவரல்லர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கல்முனையில் 'எண்பத்தோராம் இலக்கக் குழந்தை' எனப்பட்ட சிசுவின் பெற்றோர் யார் என்ற வழக்கை 2005 பெப்ரவரியில் தீர்த்துவைத்தது மரபணுப் பரிசோதனையே. தாயிடம் பிள்ளை சேர்ந்தது. அறிவியல் நீதிக்குத் தொண்டு செய்யும் முறை அது.

செம்மணி மண்ணில் 1999ஆம் ஆண்டில் பதினைந்து பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டில் அதே செம்மணிச் சூழலில், சித்துப்பாத்தி மயானத்தில், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கூடக் கிடைத்தன. மன்னார்ச் சதொச வளாகத்தில் 2018இல் முந்நூறுக்கு மேற்பட்டவை வெளிப்பட்டபோது, சில மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்ற விடை 2019இல் வந்தது. அவ்விடை உறவினரின் ஐயத்தைத் தீர்க்கவில்லை. தீர்க்க வேண்டுமாயின் மாதிரிகள் பல வேண்டும்; சுயாதீனமான ஆய்வுகூடங்கள் வேண்டும்; உறவினரின் சட்டத்தரணிகள் முன்னிலையில் ஒவ்வொரு படியும் நடைபெற வேண்டும்.

நாற்பத்தெண்ணாயிரம் ஆண்டு எலும்பைப் பற்றி நாம் சண்டையிடுகிறோம். நம் கண்முன் காணாமற் போனோரின் எலும்பு பெயரின்றிக் கிடக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர் விடை காணாமலே மறைந்துவிட்டனர். ஒவ்வொரு தாயின் மறைவோடும், பிள்ளையின் எலும்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய மிகச் சிறந்த சான்றும் சிதையிலே எரிந்துபோகிறது. இதைவிட அவசரமான மரபணுப் பணி இந்நாட்டில் உண்டா?

எனவே நாம் கோருவது இது. காணாமற் போனோரின் உறவினர் விரும்பின், அவர்களின் மரபணு மாதிரியைப் பெற்றுப் பாதுகாக்கும் சுயாதீனக் காப்பகம் ஒன்று சட்டத்தால் நிறுவப்படட்டும். அம்மாதிரியை வேறெந்த நோக்கத்துக்கும் எடுத்தல் குற்றமாக்கப்படட்டும். தொல்லியல் அகழ்வுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் சமபங்கு பெறட்டும். ஆய்வு முடிவுகள் மூன்று மொழிகளிலும் மக்கள் முன் வைக்கப்படட்டும். சட்டம் கற்றோர் இதன் நகலை எழுதட்டும்; மருத்துவர் உறவினருக்கு விளக்கட்டும்; கமக்காரர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும்.

வெள்ளவத்தை நண்பருக்கும் நீதிமன்ற நண்பருக்கும் ஒரு சொல். ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் குகையில் உறங்கியவள் உங்கள் இருவருக்கும் பாட்டியாயிருக்கலாம். அவளை நிம்மதியாக உறங்க விடுங்கள். செம்மணியில் உறங்காதிருக்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு பெயர் கொடுப்போம், வாருங்கள்!